அடுத்தவர் பேச்சை ‘நான்’ என்று சொன்னவர்

செய்தி எங்களுக்குச் சத்தமில்லாமல்தான் வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் அரசு மருத்துவமனையின் மருந்து கொடுக்கும் சன்னலுக்கு உள்ளே நான் நின்றுகொண்டிருந்தேன். காலை நேரத்துக் கூட்டம். சர்க்கரை மாத்திரைக்கும் பிரஷர் மாத்திரைக்கும் நின்ற வரிசையைப் பிளந்துகொண்டு என் மகள் கோதை வந்தாள். “ஏட்டி, கண்ணு தெரியல? வரிசையில வா” என்று ஒரு பெரியவர் கத்தினார். அவளுக்குக் கண் நன்றாகத் தெரியும். காதுதான் பிறவியிலேயே கேட்காது. சன்னல் கம்பிக்கு வெளியே நின்று, மூக்குக் கண்ணாடியை மேலே தள்ளிவிடுவது போல ஒரு விரலைக் காட்டினாள். காது கேளாதவர்கள் நடுவில் ஜெபமணி அக்காவுக்கு அதுதான் பெயர். அடுத்து, இறந்துவிட்டார் என்று இரண்டு கைகளையும் விரித்துப் புரட்டிப் போட்டாள். அவளுடைய சிநேகிதிகள் கைபேசியில் வீடியோவாக ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்ட செய்தி அது. காது கேட்கிற எங்களில் யாருக்கும் அதுவரை வந்திருக்கவில்லை.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு முதலில் அழுகை வரவில்லை. இனி கோதைக்கு யார் என்ற பயம்தான் வந்தது. அவரோடு பழகிய நீங்கள் இதைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டீர்கள். உங்களில் பாதிப் பேருக்கு அதே பயம் வந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். என் மகளுக்கு வந்து சேர வேண்டிய ஒரு சொல், அக்காவை நம்பிப் பாதி வழியில் நின்றுகொண்டிருந்தது. அது இன்னும் அங்கேயேதான் நிற்கிறது. ஆகவே இது ஆறுதல் தரும் அஞ்சலியாக இருக்காது. ஆறுதல் சொல்வதில் அக்காவுக்கும் பெரிய நம்பிக்கை இருந்ததில்லை.

அவரை அதிகம் அறியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. ஜெபமணி அக்கா ராஜபாளையத்துக்காரர். அப்பா அம்மா இருவரும் பஞ்சு மில்லில் வேலை பார்த்தவர்கள். தம்பி ஆசீருக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. தம்பியோடு பேசிப் பேசி, அரிச்சுவடி படிக்கும் முன்பே அக்காவுக்குக் கைப்பேச்சு வந்துவிட்டது. சைகை மொழி என்று நாம் சொல்வதை அவர் கைப்பேச்சு என்றுதான் சொல்வார். மதுரைக்குப் போய் இறையியல் படித்துப் பட்டம் வாங்கி வந்தார். போதகர் அங்கியைச் சபை அவருக்குக் கொடுக்கவில்லை. பெண் என்பது வெளியே சொன்ன காரணம். அவர் பிறந்த தெரு எந்தத் தெரு என்பது யாரும் வாய்விட்டுச் சொல்லாத காரணம். காது கேளாதோர் பள்ளியில் ஆசிரியை வேலைக்கு அனுப்பினார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் பிரசங்க மேடைக்குக் கீழே, வலது பக்கமாக நின்று, போதகர் பேசுவதைக் கையால் சொல்வார். “மேல நிக்கிறவர் பேசுறது பின் பெஞ்சு வரைக்கும்தான் போகும். நான் பேசுறது காதே இல்லாதவன் வரைக்கும் போகும். இதுல யாரு போதகரு?” என்று கேட்டுவிட்டுச் சிரிப்பார். அந்தச் சிரிப்பில் கோபம் இல்லை என்று நினைத்தவர்கள் அவரைச் சரியாகப் பார்க்காதவர்கள்.

கைப்பேச்சை வாய்ப்பேச்சாக மாற்றும்போது அவர் ஒரு முறையை விடாமல் வைத்திருந்தார். காது கேளாதவர் சொல்வதை ‘நான்’ என்றே சொல்வார். “அவனுக்குத் தலைவலியாம்” என்று சொல்ல மாட்டார். “எனக்குத் தலை வலிக்குது” என்பார். தன் சொந்தக் கருத்து ஏதாவது சொல்ல வேண்டும் என்றால் முதலில் “இப்ப ஜெபமணி பேசுதேன்” என்று அறிவித்துவிட்டுத்தான் பேசுவார். எங்கள் மருத்துவமனைக்கு ஒரு தடவை ஒரு கர்ப்பிணிப் பெண்ணைக் கூட்டி வந்து, டாக்டரிடம் “எனக்கு ஏழு மாசம், வயித்துல அசைவு கம்மியா இருக்கு” என்றார். அக்காவோ தலை முழுக்க நரைத்தவர். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். ஏன் இப்படி மானத்தை வாங்குகிறீர்கள் என்று நான் அப்புறம் கேட்டேன். “‘அவ சொல்லுதா’ன்னு சொன்னா, டாக்டர் என் கூடத்தான் பேசுவாரு. ‘நான்’னு சொன்னா குழம்பிப் போயி அவளைத் திரும்பிப் பாப்பாரு. பாக்கட்டும்னுதான் சொல்லுதேன்” என்றார்.

ராஜபாளையத்தில் ஒரு மைதானத்தில் நடந்த சுகமளிக்கும் கூட்டம் உங்களில் சிலருக்கு நினைவிருக்கலாம். வெளியூரிலிருந்து வந்த பிரசங்கியார் ஆசீரை மேடைக்கு அழைத்தார். ஆசீருக்கு இது புதிதில்லை. சின்ன வயதிலிருந்து எத்தனையோ பேர் அவர் காதுக்காக ஜெபித்திருக்கிறார்கள். தலையை ஆட்டினால் சீக்கிரம் விட்டுவிடுவார்கள் என்று அவருக்குத் தெரியும். பிரசங்கியார் காதுக்குள் கத்திவிட்டுக் “கேக்குதா தம்பி?” என்றார். மூச்சுக் காற்று பட்டதும் ஆசீர் தலையை ஆட்டப் போனார். கீழே நின்ற அக்கா கையைக் காட்டித் தடுத்து, கேட்டால் கேட்கிறது என்று சொல், கேட்கவில்லை என்றால் கேட்கவில்லை என்று சொல், ஆண்டவர் கோபித்துக்கொள்ள மாட்டார் என்றார். ஆசீர் கொஞ்ச நேரம் அக்காவைப் பார்த்தார். அப்புறம் கையை அசைத்தார். அக்கா மைக்கை வாங்கி, “எனக்குக் கேக்கல” என்றார். பிரசங்கியாருக்கு யார் பேசுவது என்றே விளங்கவில்லை. விளங்கியதும், இது அவிசுவாசம் என்றார். “இப்ப ஜெபமணி பேசுதேன் ஐயா. அவனுக்கு விசுவாசம் நிறைய இருக்கு. காதுதான் இல்ல. ரெண்டையும் ஒண்ணாக் குழப்பாதீங்க” என்று சொல்லிவிட்டு மைக்கைத் திருப்பிக் கொடுத்தார். அதற்குப் பிறகு அந்த மாதிரிக் கூட்டங்களுக்கு அவரை யாரும் அழைக்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் கடவுளுக்கு எந்தச் சைகை என்று ஒரு சண்டை நடந்ததையும் சொல்ல வேண்டும். கோதை அங்கே படித்த காலம். பிள்ளைகள் வீட்டுக்கொரு சைகையாகக் கொண்டு வந்தார்கள். சிலர் கைகூப்பினார்கள், சிலர் உள்ளங்கையில் ஆணி அடித்த இடத்தைத் தொட்டார்கள், சிலர் இரண்டு கைகளையும் ஏந்தினார்கள். எது நிஜக் கடவுள் என்று விளையாட்டு மைதானத்தில் அடிதடி. கடைசியில் பிள்ளைகளே ஒரு சைகையை முடிவு செய்தார்கள். தன் தோளைத் தானே பின்னாலிருந்து இரண்டு தடவை தட்டிக்கொள்வது. காது கேளாதவர்களை அப்படித்தானே கூப்பிட முடியும்? பெற்றோர்களுக்கு இது தெரிந்ததும் கூட்டம் கூடிவிட்டது. அக்கா மதம் மாற்றுகிறார் என்றார்கள் எங்கள் கோயில் ஆட்கள். புதுமதம் உண்டாக்குகிறார் என்றார்கள் சபையார். பள்ளிவாசல் பக்கத்திலிருந்தும் இரண்டு பேர் வந்திருந்தார்கள். “நான் வைக்கல. புள்ளைங்க வச்ச பேரு” என்று அக்கா எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். தலைமையாசிரியர் அந்தச் சைகைக்குத் தடை போட்டார். வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது அக்கா என்னிடம், “மூணு மதமும் ஒத்துமையா ஒரே ரூமுக்கு வந்திருக்கு, என்னைத் திட்டுறதுக்கு. அந்த மட்டுக்கும் சந்தோசம்” என்றார்.

சபுராவின் நிக்காஹ் அன்று நானும் இருந்தேன். சபுரா என் மகளோடு படித்தவள். மாப்பிள்ளை வெளியூர்க்காரர், முதல் மனைவியை இழந்தவர், வயதில் மிகவும் மூத்தவர். பெண்ணின் சம்மதத்தைக் கேட்க வேண்டிய நேரத்தில், “அது பேசாத பிள்ளை, தலையாட்டினாப் போதும்” என்று உறவினர்கள் சொன்னார்கள். இமாம் ஒத்துக்கொள்ளவில்லை. “அதுக்குப் போதும்னு நீங்க சொல்லுதீங்க. எனக்குப் போதாது. அந்தப் பிள்ளையோட பேச்சு தெரிஞ்சவங்க கேட்டு வந்து சொல்லட்டும்” என்றார். விருந்துக்கு வந்திருந்த அக்காவைச் சாட்சிகளோடு பெண்கள் அறைக்கு அனுப்பினார்கள். நானும் கோதையும் அங்கேதான் இருந்தோம். அக்கா சபுராவின் எதிரே உட்கார்ந்து, மாப்பிள்ளை யார், என்ன வயது, எந்த ஊர், பெண்ணுக்குத் தரும் மஹர் என்ன என்று ஒவ்வொன்றாகக் கையால் சொல்லி, உனக்குச் சம்மதமா என்று கேட்டார். சபுரா முகம் மாறியது. இத்தனை விவரமும் அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. கை அசைந்தது. அக்கா சாட்சிகள் பக்கம் திரும்பி, “எனக்கு இந்தக் கல்யாணத்துல சம்மதம் இல்ல” என்றார்.

“உனக்கு யாரும்மா மாப்பிள்ளை பாத்தா?” என்று ஒரு கிழவி கேட்க, எல்லாரும் சிரித்துவிட்டார்கள். சபுரா சிரிக்கவில்லை என்பதைப் பார்த்த பிறகுதான் அறை அடங்கியது. சபுராவின் அத்தா ஓடி வந்து, “வீட்டுல கேட்டப்ப தலையை ஆட்டினாளே!” என்று கத்தினார். “இப்ப ஜெபமணி பேசுதேன். என்ன கேக்குதீங்கன்னு தெரியாம ஆட்டுன தலை அது” என்றார் அக்கா. நிக்காஹ் நின்றுபோனது. ஒரு முஸ்லிம் வீட்டுக் கல்யாணத்தை ஒரு கிறிஸ்தவப் பெண் கெடுத்துவிட்டாள் என்று ஊர் முழுக்கப் பேச்சு. சபையிலும் அக்காவைக் கூப்பிட்டுக் கண்டித்தார்கள். இமாம் ஒருவர்தான் டீக்கடையில் எல்லாருக்கும் கேட்கும்படி, “கேட்டது நான். வேண்டாம்னது அந்தப் பிள்ளை. நடுவுல நின்னவங்களை ஏன் இழுக்குதீங்க?” என்றார். சபுரா இப்போது என் மகளோடு ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி மில்லில் வேலைக்குப் போகிறாள்.

இனி என் மகள் விஷயம். எங்கள் வைணவ வழியில் ஆசாரியரிடம் சமாசிரயணம் செய்துகொள்வது பெரிய பேறு. இரண்டு தோளிலும் சங்கு சக்கரச் சூடு இடுவார். பிறகு துணியால் மூடிக்கொண்டு, காதில் மந்திரத்தைச் சொல்வார். அந்தச் சொல் ஆசாரியர் தந்து சீடர் பெற வேண்டியது. எழுதிக் காட்டக் கூடாது, இன்னொருவர் சொல்லித் தரவும் கூடாது. எங்கள் ஆசாரியர் வயதானவர், நல்லவர், வருடத்தில் சில தடவை ஸ்ரீவில்லிபுத்தூர் வந்து எங்கள் உறவினர் வீட்டில் தங்குவார். கோதைக்குச் சூடு இட்டார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கினாள். துணிக்குள் அவள் காதருகே வாயை அசைத்தார். முடிந்தது என்றார்கள். எல்லாரும் அவளுக்கு ஆசி சொன்னார்கள். வீட்டுக்கு வந்ததும் அவள் என்னிடம் கேட்டாள்: அவர் என்ன சொன்னார்?

என்னால் சொல்ல முடியாது, சொல்லக் கூடாது என்றேன். அவள் தோளைக் காட்டினாள், காதைக் காட்டினாள். சூடு எனக்கு உண்டு, சொல் எனக்குக் கிடையாதா என்று கேட்டாள். அன்றிலிருந்து அவள் கோயிலுக்கு வருவதை நிறுத்திவிட்டாள். மார்கழியில் தெருவே விடியலில் எழுந்து கோலம் போடுகிற ஊர் இது. அவள் எழுந்து வாசலைக் கூட்டுவாள், கோலம் போடுவாள், கோயில் பக்கம் மட்டும் திரும்ப மாட்டாள்.

அக்காவிடம்தான் போனேன். “உங்களுக்குக் காதுல மந்திரம். பாய்மாருக்குப் புள்ள பொறந்ததும் காதுல பாங்கு. எங்களுக்கு வசனத்தைக் கேட்டாத்தான் விசுவாசம். மூணு வீட்டுக்கும் வாசல் காதுலதான் வச்சிருக்கு. அந்த வாசல் அடைச்சுப் பொறந்ததுங்க எந்தப் பக்கமா வரும்? இத யோசிக்காம எம்புட்டுப் புத்தகம் எழுதி என்ன, கமலம்?” என்றார். பிறகு எழுந்து, “வா, உங்க சாமியப் பாப்போம்” என்றார். நான் பயந்துபோய்விட்டேன். ஆசாரியர் தங்கியிருந்த வீட்டில் மடி ஆசாரம் அதிகம்.

அக்காவை முன்கூடத்தில்தான் நிறுத்தினார்கள். ஆசாரியர் உள்கட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். நடுவில் ஒரு கூடமே இருந்தது. அக்கா அங்கிருந்தபடியே, “உங்க மந்திரம் எனக்குத் தெரிய வேண்டாங்கய்யா. நான் கேக்கவும் மாட்டேன். கையால பேச உங்களுக்குச் சொல்லித் தாரேன். பொறவு உங்க வார்த்தையை நீங்களே அந்தத் துணிக்குள்ள வச்சு அவளுக்குச் சொல்லிருங்க” என்றார். ஆசாரியர், “கையால சொன்னா அது எழுத்தா, பேச்சா?” என்று கேட்டார். “இப்ப நான் வாயால சொல்லுதது எப்படியோ, அவளுக்குக் கை அப்படி. பேச்சுதான்” என்றார் அக்கா. ஆசாரியர் சரி என்றார். “நீங்க எங்க க்ரமத்துக்கு வெளியில இருக்கறவா. உங்ககிட்ட நான் கத்துக்கறதுல தோஷம் ஒண்ணும் இல்லை” என்றார். அக்கா அன்றைக்கே ஆரம்பித்தார். நான், நீ, வா, பயம், இல்லை. ஆசாரியரின் முதிய விரல்கள் ஒவ்வொன்றாகப் பழகின. திரும்பி வரும் வழியில் அக்கா சொன்னார்: “நல்லவேளை, இந்தப் பாசைக்குத் தொட வேண்டியதில்ல. எட்ட நின்னே சொல்லிக் குடுத்திரலாம்.” எனக்கு அந்த இடத்திலேயே அழுகை வந்தது. அவர் என்னைப் பார்க்காமல் நடந்தார்.

இதற்கு நடுவே அவர் வேறொரு காரியமும் செய்துகொண்டிருந்தார், அதில் தோற்றார். சபைக்கும் ஜமாத்துக்கும் கோயில்காரர்களுக்கும் நடையாய் நடந்து, ஆளுக்கு ஒருவரைக் கொடுங்கள், நான் கற்றுத் தருகிறேன் என்று கேட்டார். பள்ளிக்கூடத்தில் மற்ற ஆசிரியைகள் உதட்டசைவைப் பார்த்துப் படிக்கச் சொல்கிறவர்கள், அவர்களுக்குக் கைப்பேச்சே இளக்காரம். எங்களைப் போன்ற அம்மாக்கள் அவரிடம் கொஞ்சம் படித்தோம். எங்களுக்குச் சோறும் மாத்திரையும் பஸ்ஸும் சொல்ல வரும். கிருபையும் சரணாகதியும் சொல்ல வராது. அதற்கு முழுதாக உட்கார்ந்து வருடக்கணக்கில் கற்க வேண்டும். கமிட்டியில் பேசுகிறோம் என்றது சபை. பெண்பிள்ளையை அனுப்ப முடியாது, ஆண்பிள்ளைக்கு நேரமில்லை என்றது ஜமாத். மேளம் அடிக்கவே ஆள் கிடைக்கவில்லை என்றார்கள் கோயிலில். எல்லாரும் கடைசியில் ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள்: “அதான் நீங்க இருக்கீங்களேம்மா.” அக்கா என் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னது இது: “மூணு சாமிக்கும் நான் ஒருத்தியே கையா இருக்க முடியாதுட்டி. எனக்கும் வயசாகுது.”

ஆசாரியர் அடுத்த தடவை வருவதற்குள் பக்கவாதம் வந்து, அக்காவின் வலது கையைத்தான் எடுத்துக்கொண்டது. இதைவிடக் கொடுமையாக ஒன்றை யாரும் யோசித்து வைத்திருக்க முடியாது. ராஜபாளையத்தில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தார். வாயும் கோணிப் பேச்சு குழறியது. வ. புதுப்பட்டியிலிருந்தும் கிருஷ்ணன்கோவிலிலிருந்தும் காது கேளாதவர்கள் பஸ் பிடித்து வந்து கட்டிலைச் சுற்றி நின்றார்கள். அக்கா இடது கையைத் தூக்கி ஏதோ சொல்வார். இரண்டு கையும் சேர்ந்து சொல்ல வேண்டிய சொற்கள் பாதியாக வரும். பாதிப் பாதியாகப் பேசுகிறார் என்று கோதை என்னிடம் சொல்லிவிட்டு வெளியே போய்விட்டாள். ஆசீர் மட்டும் அந்த இடது கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கையைப் பிடித்தால் பேச முடியாது என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் விடவில்லை. அக்கா குழறலாக என்னிடம், “உங்க சாமிகிட்ட... நீ கேளு. விட்டுராத” என்றார். நான் கேட்ட கடைசிப் பேச்சு அதுதான்.

அடக்கத்தன்று சபைக் கோயில் நிறையக் கூட்டம். காது கேளாதவர்கள் வழக்கம்போல வலது பக்க முன் பெஞ்சுகளில் உட்கார்ந்திருந்தார்கள், அங்கிருந்துதான் அக்கா நன்றாகத் தெரிவார் என்பதால். அக்கா நிற்கும் இடத்தில் கமிட்டிக்காரர்கள் ஒரு பெரிய மலர்வளையத்தைச் சாய்த்து வைத்திருந்தார்கள். போதகர் அரை மணி நேரத்துக்கும் மேலாகப் பேசினார். வாயற்றவர்களுக்கு வாயாக இருந்தவர் என்றார், இந்தத் திருப்பணி நிற்கக் கூடாது என்றார், எல்லாம் நன்றாகத்தான் சொன்னார். யாருக்காகச் சொன்னாரோ அவர்களுக்கு ஒரு சொல்கூடப் போய்ச் சேரவில்லை. அவர்கள் மலர்வளையத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கோதை என் கையைத் தட்டி, என்ன சொல்கிறார் என்று கேட்டாள். அக்கா நல்லவர் என்கிறார் என்று காட்டினேன். இவ்வளவு நேரமும் அதையேவா என்று கேட்டாள்.

ஆசீரைப் பார்க்கத்தான் எனக்குத் தாளவில்லை. எப்போது எழுந்திருக்க வேண்டும், எப்போது தலை குனிய வேண்டும் என்று அவருக்குச் சொல்ல ஆள் இல்லை. பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துப் பார்த்து, ஒவ்வொரு தடவையும் ஒரு நொடி பிந்தி எழுந்தார், பிந்தி உட்கார்ந்தார். கூடப் பிறந்தவளின் சாவில் அந்த மனிதர் ஒரு அந்நியரைப் போல இருந்தார். கல்லறைத் தோட்டத்தில் மண் போடும் நேரம் வந்ததும் யாரோ ஒருவர் அவர் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். எனக்கு அந்த ஆளைக் கன்னத்தில் அறைய வேண்டும் போல இருந்தது.

எல்லாம் முடிந்து கூட்டம் கலையும்போது காது கேளாதவர்கள் மட்டும் குழியைச் சுற்றி நின்றார்கள். ஆசீர் கையைத் தூக்கினார். ஒருவர் பேச, அடுத்தவர் பேச, கைகள் வேகமாக ஓடின. கோதை பேசினாள். சபுரா பேசினாள். பாதியில் சிரித்தார்கள், அழுதார்கள். போதகர் திரும்பி வந்து என் பக்கத்தில் நின்று, “என்னம்மா சொல்லுதாங்க?” என்றார். இமாமும் வந்து நின்றிருந்தார், அவரும் என்னைப் பார்த்தார். கூர்ந்து பார்த்தேன். ‘அக்கா’ என்பதும் ‘பஸ்’ என்பதும் தெரிந்தன. மற்றது ஒன்றும் பிடிபடவில்லை. “எனக்குத் தெரியல ஐயா” என்றேன். மூன்று பேரும் ஒன்றும் விளங்காமல் நின்றோம்.

போன வாரம் ஆசாரியருக்குப் போன் செய்தேன். கைபேசியை ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தேன். கோதை எதிரே நின்றாள். “அந்தம்மா போயிட்டாளா... நல்ல ஆத்மா” என்று அவர் வருந்தினார். உண்மையாகவே வருந்தினார். “நான் கத்துண்டது நாலஞ்சு வார்த்தை. அதை வெச்சுண்டு என்ன பண்றது?” என்றார். மீதியைக் கோதையே சொல்லித் தருவாள் சாமி என்றேன். “சிஷ்யை ஆசார்யனுக்குச் சொல்லித் தரதா? க்ரமம் இல்லையேம்மா. நீயும் என் சிஷ்யைதான், நீயும் முடியாது” என்றார். வெளியில் இருந்த ஒருத்தியால் முடிந்தது, உள்ளே இருக்கிற எங்களால் முடியாது. இந்தக் கணக்கு அக்காவுக்குப் புரிந்திருக்கும். அவர் இன்னும் மென்மையாக, “விடு குழந்தே. சூடு இட்டாச்சு, பெருமாள் அவளை ஏத்துண்டாச்சு. அவருக்குத் தெரியும்” என்றார்.

முன்பென்றால், சரி சாமி என்று போனை வைத்திருப்பேன். அவர் சொன்னதை எனக்கு வந்த அரைகுறைக் கைப்பேச்சில் கோதைக்குச் சொன்னேன். பெருமாளுக்குத் தெரியும் என்கிறார். அவள் நிதானமாக, எனக்குப் புரிய வேண்டும் என்று ஒவ்வொரு கையாகப் பிரித்துப் பதில் சொன்னாள். ஜெபமணி அக்காவின் மொழி எனக்கு மிஞ்சவில்லை. அவருடைய படிப்போ பொறுமையோ சிரிப்போ எனக்குக் கிடையாது. அவர் வாயில் பிறருக்காக இருந்த அந்த ஒரு ‘நான்’ மட்டும்தான் என்னிடம் இருக்கிறது. அதை எடுத்துக்கொண்டேன்.

“அவருக்குத் தெரியும் சாமி. எனக்குத்தான் தெரியல. எப்பச் சொல்லுவீங்க?” என்றேன்.

“உனக்குத்தான் சொல்லியாச்சேம்மா. யாரு பேசறது?” என்றார்.

“கோதை பேசுதேன் சாமி.”

அதற்குப் பிறகு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. போனை அவர் வைக்கவில்லை, மூச்சு விடுவது கேட்டது. கோதை என் முகத்தையே பார்த்துக்கொண்டு, என்ன சொல்கிறார் என்று கேட்டாள். அவர் ஒன்றும் சொல்லவில்லை என்பதை நான்தான் அவளுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன்.